கேள்வி–பதில்: ஆற்றங்கரை ஊரின் கழிவுநீர்

சிறு நகராட்சிகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி நிலையத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர், அதாவது 2,000 கனமீட்டர் கழிவுநீர். அதே 2,000 கனமீட்டர் கொள்ளளவுள்ள காற்றூட்டத் தொட்டி; காற்றை ஊதி, அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டத்தை, அதாவது கசடை, வளர்ப்பது இங்கேதான். அடுத்து 14 மீட்டர் விட்டமுள்ள வட்டமான படிவுத் தொட்டி; அடியில் படியும் கசடை ரிட்டர்ன் பம்ப் காற்றூட்டத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பிறகு குளோரின், அதன்பின் ஆறு. உள்ளே வரும் நீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்) லிட்டருக்கு 250 மில்லிகிராம். உங்கள் நிலையத்தின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் தெளிவாக வெளியேறும் நீர் பத்து மணிக்கு மேல் கலங்கி, கசடோடு சேர்ந்து வழிகிறது. மாலையில் தானாகவே சரியாகிவிடுகிறது. படிவுத் தொட்டியைச் சிறிதாகக் கட்டிவிட்டார்கள் என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர். அதுதான் காரணமா?

தொட்டி சிறியதா என்பதை ஒரே ஒரு வகுத்தலில் பார்த்துவிடலாம். 14 மீட்டர் விட்டத்துக்குப் பரப்பு சுமார் 154 சதுர மீட்டர். 2,000 கனமீட்டரை அதால் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 13 கனமீட்டர் வருகிறது. நீண்ட நேரம் காற்றூட்டும் நிலையங்களுக்குச் சராசரியாக 8 முதல் 15 வரை இருக்கலாம். ஆகவே நம் மாதிரித் தொட்டி சரியான அளவுதான். உங்கள் தொட்டிக்கும் இந்த எண் 15-க்குள் வந்தால் கட்டடத்தைக் குறை சொல்லாதீர்கள், கசடைப் பாருங்கள்.

ஒளி ஊடுருவும் நீண்ட குழாய் ஒன்றைப் படிவுத் தொட்டியில் அடிவரை இறக்கி, கீழ்வாயை மூடி மேலே எடுத்தால், கசடுப் படுகை எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்று தெரியும். காலை 7 மணிக்கு ஒருமுறை, 11 மணிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். படுகை அடியிலிருந்து 0.3 முதல் 0.9 மீட்டருக்குள் நிற்பது நல்லது. 3 மீட்டர் ஆழத் தொட்டியில் காலையிலேயே அது ஒன்றரை மீட்டருக்கு ஏறியிருந்தால், ஊர் முழுக்கக் குளித்துத் துவைக்கும் நேரத்தில் வரும் வெள்ளம் அதை விளிம்புக்கு மேலே தள்ளிவிடும். உங்கள் நிலையத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

படுகை ஏன் உயர்ந்தது என்பதை அளவுகுடுவை சொல்லும். காற்றூட்டத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, எடுத்த உடனே, வெயில் படாத இடத்தில் 30 நிமிடம் அசையாமல் வையுங்கள். அரை மணிக்குப் பின் கசடு நிற்கும் மில்லிலிட்டர் அளவை ஆயிரத்தால் பெருக்கி, தொட்டியின் எம்.எல்.எஸ்.எஸ். அளவால் (ஒரு லிட்டர் கலவையிலுள்ள கசடின் உலர் எடை, மில்லிகிராமில்) வகுத்தால் கிடைப்பது எஸ்.வி.ஐ., அதாவது கசடு எவ்வளவு இறுகிப் படிகிறது என்பதன் குறியீடு. கசடு 600 மில்லிலிட்டரில் நின்று, எம்.எல்.எஸ்.எஸ். 4,000 இருந்தால் எஸ்.வி.ஐ. 150. நூறை ஒட்டி இருப்பது நல்ல கசடு. 150-ஐத் தாண்டினால் அது உப்பிய கசடு.

கசடு 900 மில்லிலிட்டரிலேயே நின்றுவிட்டால் ஒரு குழப்பம் வரும். கசடு உப்பிவிட்டதா, அல்லது வெறுமே அதிகமாகச் சேர்ந்துவிட்டதா? அதே கலவையில் பாதி எடுத்து, நிலையத்தின் தெளிந்த வெளியேறு நீரைச் சரிபாதி சேர்த்து மறுபடி வையுங்கள். இந்த முறை 300 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் கசடு நல்லதுதான். அளவுதான் மிகுந்துவிட்டது, வெளியேற்றினால் போதும். பாதியாக நீர்த்த பிறகும் 600, 700 என்று நின்றால், நூல்போல் நீண்டு கசடைப் படியவிடாத இழை நுண்ணுயிர்கள் பெருகியிருக்கின்றன. அதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது, நீண்ட குழாய்களில் தேங்கி அழுகிய நீர் சல்ஃபைடோடு வந்து சேர்வது, கசடின் அளவுக்கு உணவு போதாமல் போவது. குளோரினைத் திரும்பும் கசடுக் குழாயில், தொட்டியிலுள்ள ஒவ்வொரு 1,000 கிலோ கசடுக்கும் நாளுக்கு 2 முதல் 4 கிலோ வரை விட்டால் இழைகள் அடங்கும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மறுபடி வளரும். அது அவசர மருந்து, அவ்வளவுதான்.

குடுவையை அரை மணியோடு கொட்டிவிடாதீர்கள். இன்னும் ஒன்றரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். நன்றாகப் படிந்த கசடு குமிழிகளோடு கட்டிக்கட்டியாக மேலே எழும்பினால் சிக்கல் வேறு. படுகையில் இருக்கும் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிக் கசடைத் தூக்குகிறது. அப்போது ரிட்டர்ன் பம்பைச் சற்றுக் கூட்டி, கசடு அடியில் தங்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். கசடு ஐந்தே நிமிடத்தில் சரசரவென்று இறங்கி, மேல்நீரில் ஊசிமுனை போன்ற துகள்களை விட்டுச் சென்றால் கசடுக்கு வயது மிகுந்துவிட்டது என்று பொருள்.

கசடை எவ்வளவு வெளியேற்ற வேண்டும்? ஒருவர் தினமும் என்கிறார், இன்னொருவர் மாதம் ஒருமுறை போதும் என்கிறார்.

தினமும் வெளியேற்ற வேண்டும். வாரத்தில் ஓரிரு நாள் விட்டுப்போனால் பெரிய கெடுதல் இல்லை. மாதம் ஒருமுறை மொத்தமாக எடுப்பது, நுண்ணுயிர்க் கூட்டத்தை 30 நாளும் கலைத்துப்போடும் வேலை.

கணக்கு இப்படி. எம்.எல்.எஸ்.எஸ். லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் என்றால் கனமீட்டருக்கு 4 கிலோ. 2,000 கனமீட்டர் தொட்டியில் 8,000 கிலோ கசடு இருக்கிறது. கசடின் வயதை, அதாவது அது நிலையத்தில் தங்கும் சராசரி நாட்களை, 20 நாளாக வைக்க விரும்பினால் நாளொன்றுக்கு 400 கிலோ போக வேண்டும். வெளியேறும் நீரோடு எப்படியும் கொஞ்சம் போகிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் 40 கிலோ. மீதி 360 கிலோவை நீங்கள் எடுக்க வேண்டும். திரும்பும் கசடின் அடர்த்தி லிட்டருக்கு 8,000 மில்லிகிராமானால் அது 45 கனமீட்டர். பம்ப் மணிக்கு 15 கனமீட்டர் தள்ளுமென்றால் தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் போதும். அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் ஒரு நாளில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியதன் பலன் தெரிய ஒரு கசடு வயது முழுவதும், அதாவது மூன்று வாரம் ஆகும். இரண்டே நாளில் பொறுமையிழந்து மறுபடி திருகுவதுதான் பெரும்பாலான நிலையங்களின் நோய்.

ஆபரேட்டர்கள் கசடை எடுக்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. பெரும்பாலும் எடுத்த கசடைப் போட இடம் இருக்காது. 45 கனமீட்டரை உலர்த்தும் படுகையில் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டால் தினமும் 225 சதுர மீட்டர் வேண்டும். காய்ந்து, அள்ளி, மணலைச் சமன்செய்ய 15 நாள் என்று வைத்தால் மொத்தம் 3,375 சதுர மீட்டர். எந்தச் சின்ன நிலையத்திலும் இவ்வளவு இருக்காது. அதே 360 கிலோவை முதலில் ஒரு கெட்டிப்படுத்தும் தொட்டியில் 2 சதவீதம் வரை கெட்டியாக்கினால் 18 கனமீட்டராகச் சுருங்கும்; 1,350 சதுர மீட்டர் போதும். மழைக்காலத்தில் படுகை காயாது. மேலே ஒளி புகும் கூரையும் பக்கவாட்டில் காற்றோட்டமும் இருந்தால் சமாளிக்கலாம். புதிய நிலையத்துக்கு வரைபடம் வரும்போது காற்றூட்டத் தொட்டியைப் பார்க்குமுன் உலர்த்தும் படுகையின் பரப்பைப் பாருங்கள். அது குறைவாக இருந்தால், முதல் கேள்வியில் சொன்ன கலங்கல் இரண்டு மூன்று வருடத்தில் அங்கேயும் வரும்.

கடைகளில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடியைப் போட்டால் நிலையம் நன்றாக ஓடுமா?

தேவையில்லை. கழிவுநீரே தேவையான நுண்ணுயிர்களைத் தினமும் கொண்டுவருகிறது. அவற்றைத் தங்கவைப்பதுதான் வேலை. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் காட்டியது இதைத்தான். கழிவுநீரில் காற்றை ஊதி, தெளிந்த நீரை மட்டும் வடித்து, அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் அதன் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். முதல் தடவை வாரக்கணக்கில் பிடித்த சுத்திகரிப்பு, கசடு சேரச்சேர ஒரு நாளுக்குள் முடிந்தது. புதிதாக நிலையத்தைத் தொடங்குபவர்கள் பக்கத்து நிலையத்திலிருந்து சில லாரி நல்ல கசடு கொண்டுவந்து ஊற்றுவது பொடியைவிடப் பயன்தரும்.

ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கள் நிலையத்துக்கு வரும் நீரும் இரட்டிப்பாகிறது. ஊரில் மழையே இல்லாத நாளிலும் இப்படி ஆகிறதே, ஏன்?

ஆறு உங்கள் பாதாளச் சாக்கடைக்குள் புகுகிறது. இரண்டு வழி உண்டு. ஆற்று மட்டம் உயர்ந்தால் கரையோர நிலத்தடி நீர்மட்டமும் உயரும். அது குழாய் மூட்டுகளிலும் ஆள்நுழைவுக் குழிகளின் செங்கல் சுவர்களிலும் கசிந்து உள்ளே வரும். இன்னொன்று, அவசரகால வழிவாயோ பழைய மழைநீர் இணைப்போ வழியாக ஆறு நேரடியாகப் பின்னோக்கி வருவது. முதல் வகை மெதுவாக ஏறி, ஆறு வடிந்த பின்னும் பல நாள் நீடிக்கும். இரண்டாம் வகை, ஆறு குறிப்பிட்ட ஒரு மட்டத்தைத் தொட்டதும் சட்டென்று தொடங்கி, இறங்கியதும் சட்டென்று நின்றுவிடும். பம்ப் ஓடிய நேரத்தையும் ஆற்று மட்டத்தையும் ஒரே தாளில் வரைந்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே போங்கள். அந்த நேரத்தில் ஊர் தூங்குகிறது. ஓடுவதில் பெரும்பகுதி கசிவு நீர்தான். குழிக்குள் யாரையும் இறக்க வேண்டாம். 90 பாகை வி வடிவ வெட்டுள்ள தகடு ஒன்றைக் குழாயின் வாயில் பொருத்தும் வேலையைப் பயிற்சியும் கருவியும் உள்ள குழுவிடம் முன்கூட்டியே முடித்துக்கொண்டு, நீர்மட்டத்தை மேலிருந்தே அளவுகோலால் பாருங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் 10 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்கு சுமார் 4.4 லிட்டர், 15 சென்டிமீட்டர் நின்றால் சுமார் 12 லிட்டர். 12 லிட்டர் என்பது நாளுக்கு 1,000 கனமீட்டரைத் தாண்டும். உங்கள் நிலையத்தின் கொள்ளளவில் பாதி. கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாக இப்படி அளந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு தெருக்களிலேயே பெரும்பங்கு கசிவு சிக்கும். ஊர் முழுவதும் குழாய் மாற்றத் திட்டம் போடுமுன் இதைச் செய்யுங்கள்.

வெளியேற்றுக் குழாயின் முனையிலுள்ள மடிப்புக் கதவை மழைக்காலத்துக்கு முன் கையால் தூக்கிப் பாருங்கள். கீல் துருப்பிடித்தோ, வண்டல் ஏறியோ, ஒரு மரக்கிளை இடுக்கில் மாட்டியோ அது பாதி திறந்தபடி நின்றால் ஆறு உள்ளே வரத் தடையில்லை. கரையோர ஆள்நுழைவுக் குழிகளின் மூடி பழைய வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால் கழுத்தை உயர்த்திக் கட்டவோ, போல்ட் வைத்து இறுக்கும் நீர்புகா மூடி போடவோ வேண்டும். மோட்டார் பேனல்களும் ஜெனரேட்டரும் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

வெள்ளம் வந்தே விட்டால் பலர் ரிட்டர்ன் பம்பை முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். அது படிவுத் தொட்டிக்குள் மேலும் மேலும் கசடைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதற்கு மாறாக, உச்ச நேரத்தில் சில மணி நேரம் காற்றை ஊதும் புளோயரைக் குறைத்தோ நிறுத்தியோ கசடைக் காற்றூட்டத் தொட்டியிலேயே ஓரளவு படியவிடுங்கள். மேலே உள்ள நீர்த்த கலவைதான் படிவுத் தொட்டிக்குப் போகும். சுத்திகரிப்பு அந்த நேரத்துக்குக் கொஞ்சம் குறையும், ஆனால் மூன்று வாரமாக வளர்த்த கசடு ஆற்றோடு போகாது.

செப்டிக் டேங்க் லாரிகள் எங்கள் நிலையத்தில் வந்து ஊற்றலாமா? நகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது, ஆபரேட்டர் மறுக்கிறார்.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. செப்டிக் டேங்க் கசடின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம். 5,000 என்று வைத்தால், 5,000 லிட்டர் லாரி ஒன்றில் 25 கிலோ. நம் மாதிரி நிலையத்தின் ஒரு நாள் சுமையே 500 கிலோதான். ஒரு லாரி 5 சதவீதம்; நாள் முழுக்கப் பரவி வந்தால் தாங்கும். பத்து லாரிகள் நண்பகலில் வரிசையாக நின்று ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் அரை நாள் உணவு. ஆக்சிஜன் பூஜ்யத்துக்கு இறங்கும், மறுநாள் படிவுத் தொட்டி கலங்கும்.

வழி, தனிப் பெறுதொட்டி. முன்னால் கம்பி இடைவெளி 20 மில்லிமீட்டர் உள்ள சல்லடை. துணி, நாப்கின், கல் எல்லாம் அங்கேயே நிற்கட்டும். தொட்டிக்குள் ஒரு கலக்கி. சிறிய பம்ப் ஒன்றை டைமரில் போட்டு, ஊரின் சுமை குறைவான இரவு நேரத்தில் மெல்ல உள்ளே விடுங்கள். லாரி ஊற்றுமுன் ஒரு குடுவையில் பிடித்துப் பார்ப்பது கட்டாயம்: பி.எச். தாளில் 6-க்கும் 9-க்கும் வெளியே போனாலோ, எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, சாயமோ கரைப்பான் வாசமோ இருந்தாலோ அது வீட்டுச் செப்டிக் டேங்க் அல்ல. திருப்பி அனுப்புங்கள், வண்டி எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள்.

யாரும் அமிலம் ஊற்றவில்லை. இருந்தும் வெளியேறும் நீரின் பி.எச். 6.2-க்கு இறங்கிவிட்டது.

நிலையம் நன்றாக வேலை செய்வதால் வந்த சங்கடம் இது. அமோனியா நைட்ரேட்டாக மாறும்போது, ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனுக்கு 7.14 மில்லிகிராம் காரத்தன்மை (நீர் அமிலத்தை ஈடுகட்டும் திறன்) செலவாகிறது. லிட்டருக்கு 40 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் முழுவதும் மாறினால் 286 மில்லிகிராம் போய்விடும். உங்கள் ஊர் நீரின் காரத்தன்மை 250 என்றால் கணக்கு உதைக்கும். பி.எச். விழும், அது விழுந்தால் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்களே முடங்கும்.

சுண்ணாம்பு போடலாம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் காரத்தன்மையை ஈடுசெய்ய நாளுக்குச் சுமார் 74 கிலோ நீற்றிய சுண்ணாம்பு ஆகும். அதற்குமுன் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள்: காற்றை விட்டுவிட்டு ஊதுங்கள். ஒன்றரை மணி நேரம் ஓட்டம், முக்கால் மணி நேரம் நிறுத்தம் என்று டைமரை வையுங்கள். நிறுத்தத்தில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜனை வாயுவாக விட்டுவிடும். போன காரத்தன்மையில் பாதி, மில்லிகிராமுக்கு 3.57, திரும்பி வரும். மின்சாரம் மிச்சம், படிவுத் தொட்டியில் கசடு மிதப்பதும் குறையும். வெளியேறும் நீரில் அமோனியா கூடினால் நிறுத்த நேரத்தைக் குறையுங்கள். தொட்டியின் அடியில் காற்றைக் குமிழிகளாக விடும் டிஃப்யூசர்கள் துளை வழி ஊதும் வகை என்றால் நிறுத்தும்போது கசடு உள்ளே புகுந்து அடைக்கும். ரப்பர் சவ்வு வகை தானாக மூடிக்கொள்ளும்.

காற்றூட்டத் தொட்டியின் மேல் பழுப்பு நிறத்தில் கெட்டி நுரை. தண்ணீர் பீய்ச்சினாலும் கலையவில்லை.

கொழுப்பும் வயதான கசடும் சேர்ந்த இடத்தில் வளரும் நுண்ணுயிர் நுரை அது. வாரி எடுத்து வெளியே போடுங்கள். நிலையத்தின் தலைப்பக்கத்தில் மறுபடி விடாதீர்கள், அது விதைப்பதற்குச் சமம். கசடு வயதைக் குறையுங்கள். உணவகங்களின் கொழுப்புப் பிடிப்பான்களைச் சோதியுங்கள். புதிய நிலையத்தில் வரும் வெள்ளை நுரை வேறு. கசடு போதிய அளவு சேர்ந்ததும் அடங்கிவிடும்.

கழிவுநீரைப் பம்ப் வைத்து மேலேற்றும் நீருந்து நிலையத்துக் கிணற்றில் பம்ப் துணியில் சிக்கி நின்றது. ஐந்து நிமிட வேலைதான், ஆள் இறங்கி எடுத்துவிடலாமா?

கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாசம் வரும். பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும். வாசம் போய்விட்டது என்று நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்தானது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடத்தில் ஆள் சரிந்துவிடுவார், 700-ஐத் தாண்டினால் சில மூச்சே போதும். தேங்கிய கசடைக் கிளறும்போது வாயு திடீரென்று வெளிவரும். இறங்குமுன் பார்த்த அளவு அப்போது செல்லாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விழுவது இந்த விபத்துகளில் திரும்பத்திரும்ப நடப்பது.

மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுங்கள். வழிகாட்டிக் கம்பிகளில் பொருத்திய நீர்மூழ்கி பம்பாக இருந்தால் சங்கிலியால் மேலே தூக்கித் தரையில் வைத்தே சுத்தம் செய்யலாம். அந்தக் கம்பிகள் இல்லாத பழைய கிணறு என்றால் உறிஞ்சும் லாரியால் காலி செய்து, கிரேனால் பம்பைத் தூக்குங்கள். அடுத்த பராமரிப்பில் கம்பிகளைப் பொருத்துங்கள். வேறு வழியே இல்லாமல் ஆள் இறங்க வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற குழு, எழுத்து மூலமான அனுமதி, இடைவிடாத காற்றோட்டம், மேல்–நடு–அடி என மூன்று மட்டத்திலும் வாயு அளவு, உடலில் மாட்டியே இருக்கும் அளவி, மேலே முக்காலியும் தூக்கும் கயிறும், கிணற்று வாயை விட்டு நகராத காவலாள் எல்லாம் வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் யாரும் இறங்கக்கூடாது. முகத்தில் கட்டும் துணியும் சாதாரண முகக்கவசமும் இங்கே எதற்கும் உதவாது.

துணி எப்படி அதுவரை வந்தது என்ற கேள்வியும் இருக்கிறது. கிணற்றுக்கு முன்னாலுள்ள கம்பிச் சல்லடையில் ஒரு கம்பி வளைந்திருக்கும், இல்லையென்றால் சல்லடை அடைத்து நீர் மேலே வழிந்திருக்கும்.

குளோரின் வாசம் தெரியும் அளவுக்குப் பிளீச்சிங் பவுடர் போடுகிறோம். மலக் கிருமி கலந்திருப்பதைக் காட்டும் கோலிஃபார்ம் சோதனையில் தோற்றுக்கொண்டே இருக்கிறோம்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் வீதம் 2,000 கனமீட்டருக்கு 10 கிலோ குளோரின் தேவை. பவுடரில் 30 சதவீதம் இருந்தால் 33 கிலோ. மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்தால் அந்த 30 வேகமாகக் குறையும். ஆகவே முதலில் பவுடரைச் சோதியுங்கள். அடுத்து நைட்ரைட். அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறாமல் பாதி வழியில் நின்ற நிலையங்களில் நைட்ரைட் சேரும். அதன் ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் 5 மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. மூன்றாவது கலங்கல், கசடுத் துகளுக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் எட்டாது. நான்காவது, தொட்டியில் குறுக்கு வழி. 30 நிமிடம் தங்க வேண்டிய நீர், தடுப்புச் சுவர் இல்லாததால் நேராக ஓடிவிடும். உப்புக் கரைசலைக் கொட்டி மறுமுனையில் மின்கடத்துத்திறனை அளந்தால் உண்மையான நேரம் தெரியும்.

மாதிரி எடுக்கும் புட்டியில் சோடியம் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போகும் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே இருக்கும், பொய்யான வெற்றி கிடைக்கும். உங்களுக்குத் தோல்வி வருவதால் புட்டி சரியாகத்தான் இருக்கிறது போலும். ஆற்றில் விடுமுன் மிஞ்சிய குளோரினை சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டால் நீக்குங்கள். ஒரு மில்லிகிராமுக்கு ஒன்றரை மில்லிகிராம் போதும். மிகச் சிறிய அளவு குளோரினையும் மீன்கள் தாங்காது.

எங்கள் நிலையத்தின் வெளியேறு நீரில் பி.ஓ.டி. 20-தான். இருந்தும் கோடையில் கீழே மீன் சாகிறது. நிலையம் காரணமில்லை என்று சொல்லலாமா?

அந்த 20 என்ற எண்ணுக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரிட்டனின் அரச ஆணையம் 1912-ல் பி.ஓ.டி. 20, நீரில் தொங்கும் திடப்பொருள் 30 என்று பரிந்துரைத்தபோது, ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு சுத்தமான நீர் இருக்க வேண்டும் என்றது. கோடையில் உங்கள் ஆற்றில் விநாடிக்கு 200 லிட்டர் ஓடினால், நிலையத்தின் 23 லிட்டருக்கு அது எட்டு மடங்கைச் சற்றே தாண்டும். மேலிருந்து வரும் ஆற்றின் பி.ஓ.டி. 2 என்றால் கலந்த பின் சுமார் 3.9. மோசமில்லை.

அமோனியாவைக் கணக்கிட்டால் கதை மாறும். வெளியேறும் நீரில் அமோனியா நைட்ரஜன் 30 இருந்தால் கலந்த பின் 3.1. அது முழுவதும் நைட்ரேட்டாக மாற, ஒரு மில்லிகிராமுக்கு 4.57 வீதம், லிட்டருக்கு 14 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஆற்று நீர் தாங்கும் ஆக்சிஜனே 7.5-தான். பாசி மிகுந்து பகலில் பி.எச். ஏறினால் அமோனியாவே மீனுக்கு நஞ்சாகும். ஆகவே அமோனியாவை அளக்காமல் நிலையத்தை விடுவிக்க முடியாது.

மாதிரி எடுக்கும் இடமும் நேரமும் முக்கியம். ஆக்சிஜன் மிகக் குறையும் இடம் குழாய் வாயில் இருக்காது. கரிமப் பொருள் சிதையச்சிதைய அது கீழே பல கிலோமீட்டர் தள்ளி வரும்; ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-ல் சமன்பாடாக எழுதியது இதைத்தான். வெளியேறும் நீர் நெடுந்தூரம் ஒரே கரையை ஒட்டியே ஓடும் என்பதால் நடு ஆற்றில் எடுத்த மாதிரி ஏமாற்றும். குழாய்க்கு மேலே ஓரிடம், கீழே நன்கு கலந்த பின் ஓரிடம், அதற்கும் கீழே மூன்று நான்கு இடங்கள் என்று வைத்து, விடியுமுன் எடுங்கள். பாசி இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்திருக்கும். பகல் 11 மணிக்கு எடுத்தால் எந்த ஆறும் நலமாகத்தான் தெரியும். கரைந்த ஆக்சிஜனை அங்கேயே அளவியால் பாருங்கள், புட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழியிலேயே மாறிவிடும்.

ஆறு மணி நேரம் மின்சாரம் போனால் கசடு செத்துவிடுமா?

சாகாது, ஒரு நாள்வரைகூடப் பெரும்பாலும் மீளும். கெடுதல் நடப்பது படிவுத் தொட்டியின் அடியில். அங்கே தேங்கிய கசடு சில மணி நேரத்தில் கறுத்து, வாயு எழுந்து மேலே மிதக்கும். ஆகவே ஜெனரேட்டர் சிறியதாக இருந்தால் முதலில் நீருந்து நிலையத்துப் பம்ப், அடுத்து ரிட்டர்ன் பம்ப், பிறகு ஒரே ஒரு புளோயர் என்று ஓட்டுங்கள். மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் போட வேண்டாம். புளோயர்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கி, கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கு ஏறும்வரை லாரிகளையும் கசடு உலர்த்தும் படுகையிலிருந்து திரும்பும் நீரையும் நிறுத்திவையுங்கள். அடுத்த நாள் காலை அளவுகுடுவைச் சோதனையை மறக்காமல் செய்யுங்கள்.